கார்த்திகைக்குக் காந்தள்: கிழங்கு உறங்கி எழுந்து பூப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் வட்டாரத்தில் என்னிடம் காந்தள் கிழங்கு வாங்கிச் சென்றவர்களில் பலர் அடுத்த ஆண்டே திரும்பி வந்து, முளைக்கவே இல்லை என்றோ, நன்றாகப் பூத்துவிட்டுப் பிறகு காணாமல் போய்விட்டது என்றோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தோண்டிப் பார்த்தால், கிழங்கு இருந்த இடத்தில் கரைந்த மாவு போன்ற ஒன்றும் புளித்த வாடையும்தான் மிஞ்சியிருக்கும். அலட்சியத்தால் செத்த கிழங்கை நான் அதிகம் பார்த்ததில்லை. நாள்தோறும் தவறாமல் தண்ணீர் ஊற்றியதால் செத்தவைதான் மிகுதி.

காந்தள் ஆண்டில் சில மாதங்கள் இலையும் தண்டும் இல்லாமல், வெறும் கிழங்காக உறங்க வேண்டிய கொடி. தமிழ்நாட்டில் கோடைக்காலம் அந்த உறக்கத்தைத் தானாகவே கொடுத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் மழை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நம் தோட்டப்புறங்களில் அதை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இதை ஒட்டியே வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், எந்தப் படியையும் முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. நீங்கள் வளர்க்கப்போவது எந்தச் செடி என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு ஆகியவை ஒரே செடியின் பெயர்கள். தாவரவியலில் இது குளோரியோசா சுபெர்பா. நாற்றுக் கடைகளில் குளோரியோசா லில்லி என்றோ கெம்பாங் சுங்சாங் என்றோ கேட்டால் புரிந்துகொள்வார்கள். சுங்சாங் என்றால் தலைகீழானது என்று பொருள். பூ கீழ்நோக்கித் தொங்க, அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்பதால் வந்த பெயர்.

இலையின் நுனியைப் பார்த்தால் வேறு செடியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. ஒவ்வோர் இலையும் நுனியில் மெலிந்து நீண்டு, சுருண்ட பற்றுக்கம்பியாக முடியும்.

இணையத்தில் இலையுதிர்காலப் பூக்கிழங்கு என்று விற்கப்படுபவற்றை வாங்கி ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். காஷ்மீரின் பாம்பூரில் அக்டோபர், நவம்பரில் பூக்கும் குங்குமப்பூவும், ஜப்பானில் செப்டம்பர் மாதம் வயல் வரப்புகளில் சிவந்து நிற்கும் லைகோரிஸும் குளிரை எதிர்பார்க்கும் செடிகள். இரவிலும் புழுக்கம் விடாத நம் சமவெளியில் அவை இலை விட்டாலும் ஒழுங்காகப் பூப்பதில்லை. காந்தள் குளிரைக் கேட்பதில்லை, உலர்ந்த ஓய்வை மட்டுமே கேட்கிறது. அதனால்தான் கூதிர்காலம் எனப்படும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு கிழங்குப் பூவைக் காண விரும்புபவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

2. கிழங்கை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் நஞ்சைப் பற்றி முடிவு செய்யுங்கள்

இந்தப் பகுதியைப் பலர் கடைசியில் படிக்கிறார்கள். முதலில் படிக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே வைத்திருக்கிறேன்.

காந்தளின் எல்லாப் பாகங்களிலும் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கோல்சிக்கம் என்ற செடியின் பெயரே இந்த நஞ்சுக்கு வைக்கப்பட்டது. காந்தளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்கிசின் உடலின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. ஆகவே விரைவாகப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்புகளே முதலில் அடிபடுகின்றன: வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, பின்னர் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று பரவி உயிரிழப்பு வரை போகலாம்.

இதில் மிகவும் ஏமாற்றக்கூடியது, உட்கொண்ட பிறகு சில மணி நேரம் எதுவும் தெரியாமல் இருப்பதுதான். யாராவது தின்றுவிட்டார்கள் என்று ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் 999 எண்ணை அழைக்கவோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவோ வேண்டும். தின்ற கிழங்கின் மிச்சத்தையோ இலையையோ கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை வழங்குகிறது. வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

என் வீட்டிலேயே ஒரு நாள் நடந்தது. சேமிப்புக் கிழங்குகளை நான் சமையலறை மூலையில், வெங்காயக் கூடைக்கு அருகில் வைத்திருந்தேன். மாலையில் வேலை முடிந்து வந்தபோது அம்மா அவற்றில் இரண்டை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி, மண் போகக் கழுவித் தட்டில் வைத்திருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே கிழங்குகள் வீட்டைவிட்டு வெளியே, பூட்டுப் போடும் சாமான் கொட்டகைக்குப் போயின.

ஆகவே மூன்று கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கிறதா? ஆடு, மாடு, பூனை செடிக்கு அருகில் வருமா? கிழங்கைப் பூட்டி வைக்கச் சமையலறைக்கு வெளியே இடம் இருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்றால், குழந்தை வளரும் வரை இந்தச் செடியை ஒத்திப்போடுவதே சரி. ஆசையோடு வந்தவர்களை நான் இப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. காந்தள் வளர்ப்பது தெரிந்துவிட்டால், மூட்டு வலிக்கு அரைத்துப் போடக் கிழங்கு வேண்டும் என்று கேட்டு யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். கொல்கிசின் கீல்வாதத்துக்கு மருந்தாவது உண்மைதான்; ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்த மாத்திரையாக, மருத்துவர் எழுதிக் கொடுத்து உட்கொள்ளப்படுவது. ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

3. நாள்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

கார்த்திகைத் தீபத்தன்று பூ வேண்டும் என்றால் நாள்காட்டியில் அந்த நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரம் எண்ணுங்கள். அது தீபம் வரும் நாளைப் பொறுத்து ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வந்து நிற்கும். விழித்து முளைவிட்ட கிழங்கை அப்போது நட்டால் தீபத்தையொட்டி மொட்டு திறக்கும். ஒரு கொடியில் பூக்கள் அடியிலிருந்து நுனி நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், ஒரு வாரம் முன்பின் ஆனாலும் தீபத்தன்று செடி வெறுமையாக இராது.

நம் கெடா மாநிலத்தின் பருவமும் இதற்கு இசைவாக இருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் மழை கொடி வளரும் காலத்தோடு பொருந்துகிறது; ஜனவரி, பிப்ரவரி வறட்சி கிழங்கு உறங்கப்போகும் காலத்தோடு பொருந்துகிறது. பேராக்கிலோ சிலாங்கூரிலோ இருப்பவர்களுக்கு அவ்வளவு தெளிவான வறட்சி கிடைக்காது. அவர்கள் நிலத்தில் நடாமல் தொட்டியில் நட்டு, உரிய நேரத்தில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திக்கொள்வது நல்லது.

4. தேவையானவற்றை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள்

குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி, அல்லது ஒரு முழ உயரத்துக்கு மண்மேடு எழுப்ப இடம். பருமணல் ஒரு சிறு மூட்டை. நன்றாக மக்கிய சாணம் அல்லது இலை உரம். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஜிஎம்எல் என்று சொல்லும் சுண்ணாம்புத் தூள். மெல்லிய கயிற்று வலை, ரப்பர் கையுறை, பெயர்ப்பலகை எழுத ஒரு குச்சி.

கிழங்கு வாங்குவதைக் கடைசியாகச் செய்யுங்கள். கிழங்கு வந்த பிறகு மண்ணைத் தேடி அலைபவர்கள், அவசரத்தில் வீட்டுப் பின்புறக் களிமண்ணையே அள்ளிப் போட்டு நட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது பெட்டிக்குள் நான்கு கிழங்கு போட்டுக் கொண்டுவரலாமே என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். செடியோ கிழங்கோ உள்ளே வர இறக்குமதி அனுமதியும் நோயற்றது என்ற சான்றிதழும் வேண்டும். நுழைவாயில்களில் அதிகாரிகள் இதைச் சோதிக்கிறார்கள். உள்ளூரில் வளர்ப்பவரிடமிருந்து வாங்கிய கிழங்குக்கு நம் மழையும் பழகியிருக்கும்.

5. கிழங்கைத் தேர்ந்தெடுங்கள்

தூசி தட்டிய ஒரு கிழங்கை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பழுப்புத் தோலோடு, ஏர்க்கலப்பை போல வளைந்த இரண்டு கைகள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் எதற்கு என்பது அப்போதே விளங்கிவிடும். ஒவ்வொரு கையின் நுனியிலும் வெளிறிய சிறு முனை ஒன்று, அரிசி மணியின் அளவில் இருக்கும். அதுதான் முளைக்கண்.

ஒரு கைக்கு ஒரே கண்தான். உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண் இருப்பதால், ஒன்று உடைந்தால் இன்னொன்று முளைக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். காந்தளில் நுனி உடைந்த கை, எவ்வளவு பருமனாக இருந்தாலும், பெரும்பாலும் முளைக்காது. கிழங்குகளைப் பையில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்தவர்களின் முழு முயற்சியும் வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி எடுத்து வாருங்கள்.

தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயிகள் இதை விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். அங்கே 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கே நடவுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. அதைவிடச் சிறிய கிழங்கும் முளைக்கும், ஆனால் முதல் ஆண்டில் இலையோடு நின்றுவிடக்கூடும். அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும். மெதுவாக அமுங்கும் கிழங்கை விலையில்லாமல் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அழுகல் ஏற்கனவே உள்ளே தொடங்கியிருக்கும்.

விதையிலிருந்து வளர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். வளர்க்கலாம். விதை முளைக்கப் பல மாதங்கள் ஆகும், பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இந்த ஆண்டு பூ வேண்டுபவர்களுக்கு அது பயன்படாது.

6. நடுவதற்கு முன் விழிக்க வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம்; கிழங்கு அழுகுவதற்கு முதற்காரணமும் இதுதான். உறங்கும் கிழங்குக்கு வேர் கிடையாது. வேர் இல்லாதது தண்ணீரை எடுத்துக்கொள்ளவும் முடியாது. அந்நிலையில் அதை ஈரமண்ணில் புதைத்து மழையில் விட்டால், கண் திறப்பதற்கு முன்பே பூஞ்சை அதை முடித்துவிடும்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு தட்டையான கூடையில் மூன்று விரல் உயரத்துக்கு மணல் பரப்புங்கள். மணலைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கிழங்குகளைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, கண் மட்டும் தெரியும்படி மேலே மெல்ல மணல் தூவி, கூரை உள்ள நிழலில் வையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் வெளிறிய முனை தடித்து, இளம்பச்சையோ செம்மையோ கலந்து நீளத் தொடங்கும். விரல் நகத்தின் அளவுக்கு நீண்டதும் நட வேண்டும். அதற்குமேல் காத்திருந்தால், முளை நீண்டு எடுக்கும்போதே ஒடிந்துவிடும்.

சில கிழங்குகள் நம் கணக்குக்குக் கட்டுப்படாமல் ஜூனிலேயே விழித்துவிடும். விழித்ததை அடக்கி வைக்க வேண்டாம், உடனே நட்டுவிடுங்கள். அது ஆவணி, புரட்டாசியில் பூக்கும். கார்த்திகைக்கு என்று இருட்டறையில் வைத்துத் தாமதப்படுத்திய முளைகள் எனக்கு வெளுத்து நூலாகப் போய், மண்ணைப் பார்த்தபோது வலுவிழந்திருந்தன.

7. மண்ணையும் மேட்டையும் ஆயத்தம் செய்யுங்கள்

இதைக் கிழங்கு விழித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்திலேயே செய்துவிட வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. கட்டுமான வேலைக்கு வாங்கும் மெல்லிய மணல் ஈரத்தில் இறுகிக் கட்டியாகிவிடுவதால், சலித்தபோது மேலே தங்கும் பருமணலையே எடுங்கள்.

செம்பனையும் ரப்பரும் நின்ற நிலம் பெரும்பாலும் புளிப்பு மண். காந்தள் புளிப்பு குறைந்த, 6 முதல் 7 வரை காரஅமிலநிலை உள்ள மண்ணில் நன்றாக வளர்கிறது. ஆகையால் ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி ஜிஎம்எல் தூளைக் கலந்து, நடுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஈரப்படுத்தி வையுங்கள். நடும் அன்றே கலந்தால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் கொடி பாதி வளர்ந்திருக்கும்.

நிலத்தில் நடுபவர்கள் குழி தோண்டி நிரப்பக் கூடாது. நம் களிமண்ணில் வெட்டிய குழி மழைக்குக் கிணறாகிவிடும். அதற்குள் எவ்வளவு நல்ல மண்கலவை போட்டாலும் அது நீரில்தான் நிற்கும். தரைக்கு மேலே மேடாக எழுப்புங்கள். சோதிக்க ஒரு வழி உண்டு: நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மேட்டில் கையை நுழைத்துப் பாருங்கள், மண் விரலில் சேறாக ஒட்டாமல் உதிர வேண்டும்.

8. நடவு

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கைப் படுத்த நிலையில், கண் சற்று மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, மேலே நான்கு விரல் தடிமனுக்கு மண் மூடுங்கள். செங்குத்தாக நட்டால் ஒரு கண் அடியில் போய்விடும். ஆழம் குறைந்தால் கொடி வளர்ந்த பிறகு காற்றில் அடியோடு ஆடி, வேர் பிடிக்காது.

இரண்டு கிழங்குகளுக்கு இடையே இரண்டு சாண் இடைவெளி விடுங்கள். ஒரு கிழங்கின் இரண்டு கைகளும் உயிரோடு இருந்தால் இரண்டு தண்டுகள் வரும், அவை ஒவ்வொன்றும் கீழே தனக்கென்று புதுக் கிழங்கை உருவாக்கிக்கொள்ளும். நெருக்கி நட்டால் ஆண்டு முடிவில் தோண்டும்போது ஒன்றை எடுக்கப்போய் மற்றதை உடைப்போம்.

நட்ட இடத்தில் குச்சியில் பெயரையும் நட்ட தேதியையும் எழுதி நடுங்கள். நச்சுக் கிழங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறு யாராவது அந்த மண்ணைக் கொத்தக்கூடும்.

9. முளை வெளிவருவதற்கு முன்பே வலையைக் கட்டுங்கள்

வரிசை இங்கேதான் அடிக்கடி தவறுகிறது. தண்டு ஒரு முழம் வளர்ந்து சாய்ந்த பிறகு கம்பு ஊன்றப் போகிறார்கள். கம்பு கிழங்கில் குத்துகிறது, அல்லது தண்டு கைபட்டு அடியில் ஒடிகிறது. ஒடிந்த தண்டுக்குப் பதில் அதே கையிலிருந்து இன்னொன்று வருவது அரிது. அந்த ஆண்டுப் பூ அதோடு முடிந்தது.

காந்தள் தண்டால் சுற்றி ஏறும் கொடி அன்று. இலை நுனியால் பற்றி ஏறுகிறது. அந்தச் சிறிய பற்றுக்கம்பியால் பென்சிலைவிடத் தடித்த எதையும் சுற்ற முடியாது. மூங்கில் கம்பை ஊன்றிவிட்டு ஏன் ஏறவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். மீன்வலை, சணல் கயிறு, மெல்லிய கம்பி வலை எதுவானாலும் சரி. கொடி ஓர் ஆள் உயரம் ஏறும் என்பதால் வலையும் அந்த உயரத்துக்கு இருக்கட்டும்.

வலை காலை வெயில் படும் பக்கமாக இருப்பது நல்லது. நான்கைந்து மணி நேர வெயில் இல்லாவிட்டால் இலை மட்டும் செழித்துப் பூ குறைந்துவிடும்.

10. வளரும் காலம்

மண்ணின் மேல் இரண்டு விரல் அளவு காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். மழை பெய்யும் வாரத்தில் ஊற்றவே வேண்டாம்.

உரம் குறைவாகவே போதும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் கொடி கரும்பச்சையாகக் கொழுத்து, பூ தள்ளிப்போகும். ஒரு முழம் வளர்ந்ததும் ஒரு பிடி மக்கிய சாணமும், மொட்டு தெரியும்போது சாம்பல்சத்து மிகுந்த பூஞ்செடி உரம் சிறிதளவும் போதுமானவை.

நத்தைகளையும் கம்பளிப்புழுக்களையும் இரவில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக் கையால் எடுத்துவிடுங்கள். இளமுளையை நத்தை ஒரே இரவில் தின்றுவிடும். இலையில் பழுப்புப் புள்ளி வட்டமாகப் பரவினால் அந்த இலையை வெட்டி எரித்துவிட்டு, மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். இரவெல்லாம் நனைந்திருக்கும் இலையில்தான் அந்தக் கருகல் பரவுகிறது.

11. பூ: எந்த நிறத்தில், எதற்காக வெட்டுவது

மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். திறக்கும் நாளில் இதழின் அடி மஞ்சளாகவும் நுனி பச்சையாகவும் இருக்கும். பிறகு மஞ்சள் மேலேறி, நுனியில் செம்மை பற்றி, நாலைந்து நாளில் இதழ் முழுவதும் குருதி நிறத்துக்கு வந்துவிடும். ஒரே கொடியில் மேலே பச்சை மொட்டு, நடுவே மஞ்சள், கீழே கடுஞ்சிவப்பு என எல்லா நிறமும் ஒன்றாக நிற்பதைக் காலையில் பனி உலர்வதற்கு முன் பாருங்கள். நெளிந்த இதழ் விளிம்பில் ஒரு நூல் மஞ்சள் மட்டும் கடைசிவரை அழியாமல் இருக்கும்.

எப்போது வெட்டுவது என்பது எதற்காக வேண்டும் என்பதைப் பொறுத்தது. தீபத்துக்கு வாசலில் வைப்பதென்றால் மஞ்சளும் சிவப்பும் கலந்த இரண்டாம் மூன்றாம் நாள் பூவை எடுங்கள். ஆறு இதழும் மேல்நோக்கி நெளிந்து நிற்கும் அந்த நிலைதான் அகல்விளக்கின் சுடரை ஒத்திருக்கிறது. கார்த்திகைப்பூ என்ற பெயருக்குப் பொருத்தமும் அதுவே.

முருகன் சன்னதிக்கென்றால் முழுதும் சிவந்ததை வெட்டுங்கள். குறுந்தொகையின் முதற்பாட்டு முருகனின் குன்றத்தைக் குருதிப்பூவின் குலைக்காந்தள் உடையது என்கிறது. களம் சிவக்கப் போரிட்டவனுக்கு உரிய நிறம் என்று அந்தப் பாட்டிலேயே காரணமும் அடங்கியிருக்கிறது. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட மலர்ப் பட்டியலும் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமையாக்கிய பழைய புலவர்கள், இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நீண்டு மெலிந்திருப்பதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது வளர்ப்பவருக்குத்தான் சட்டென்று புரியும். ஈழத்தமிழர் வீட்டுக்குக் கொடுத்தால் அங்கே இதன் பொருள் வேறு: கார்த்திகையில் மறைந்தோரை நினைக்கும் மலர் அது. விளையாட்டாக எதுவும் சொல்லிவிடாமல், பூவை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெட்டும்போது பூக்காம்போடு மட்டும் வெட்டுங்கள். தண்டையும் இலையையும் சேர்த்து வெட்டினால் அடுத்த ஆண்டுக் கிழங்குக்கான உணவு போய்விடும். இலைதான் அதைச் சமைக்கிறது. வெட்டிய பூ தண்ணீரில் ஒரு வாரம் வரை நிற்கும். அந்தத் தண்ணீரைப் பூனையோ நாயோ குடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். மாலையாகத் தொடுப்பவர் கையைக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும் என்பதைக் கோயிலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

12. காயை விடுவதா, கிள்ளுவதா

திருமுருகாற்றுப்படை காந்தளைச் சுரும்பும் மொய்க்காத சுடர்ப்பூ என்று குறிப்பிடுகிறது. வளர்த்துப் பார்த்தால் அது வெறும் புனைவாகத் தோன்றவில்லை. பூவின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தைவிட்டு விலகி நிற்கிறது. தானாகக் காய்ப்பது குறைவு. விதைக்காகப் பயிரிடும் விவசாயிகள் காலை வேளையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்.

வீட்டில் வளர்ப்பவருக்கு என் பரிந்துரை, வாடிய பூவைக் கிள்ளிவிடுவதுதான். காய் முதிர்ந்து வெடித்தால் உள்ளே பளிச்சென்ற சிவப்பு விதைகள் வரிசையாக இருக்கும், அவை குழந்தைகளின் கண்ணை இழுக்கும். காய்க்குப் போகும் சத்து கிழங்குக்குப் போகட்டும் என்பது இரண்டாவது காரணம்.

13. உறங்க விடுங்கள்

டிசம்பர் முடிவில் இலை மஞ்சளாகத் தொடங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதை நோய் என்று நினைத்துத் தண்ணீரும் உரமும் கூட்டுகிறார்கள். முதலாண்டு நானும் அதைத்தான் செய்து, ஆறு கிழங்கையும் இழந்தேன்.

மஞ்சள் கண்டதும் தண்ணீரை முழுதாக நிறுத்துங்கள். தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்துங்கள். மேட்டில் நட்டிருந்தால் ஒரு பழைய தகரத்தைச் சாய்வாக மேலே வையுங்கள். பச்சையாக இருக்கும் தண்டை அழகுக்காக வெட்டக் கூடாது. கடைசி இலை காயும் வரை கிழங்குக்குச் சத்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. தண்டு வைக்கோல் நிறமாகி, இலேசாக இழுத்தாலே கையோடு வந்தால்தான் தோண்டும் நேரம்.

14. தோண்டுதல், உலர்த்துதல், சேமித்தல்

பிப்ரவரியில் மழை இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, தண்டு இருந்த இடத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி மண்ணைத் தளர்த்துங்கள். கிட்டே போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையுறையோடு விரலால் மண்ணை விலக்குங்கள். நட்ட ஆழத்தைவிடப் புதுக் கிழங்கு கீழே போயிருக்கும்; பழைய கிழங்கு சுருங்கிய தோலாக அதன்மேல் ஒட்டியிருக்கலாம், அதை எடுத்துவிடலாம்.

கழுவ வேண்டாம். ஒட்டிய மண் காய்ந்ததும் தானாக உதிரும். இரண்டு கைகளையும் பிரித்து நட விரும்பினால், சேரும் இடத்தில் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் விறகுச் சாம்பல் தடவி, நிழலில் மூன்று நாள் உலர்த்துங்கள். வெயிலில் உலர்த்தினால் முளைக்கண் கருகிவிடும். கத்தியை நன்றாகக் கழுவுங்கள், அதைச் சமையலுக்கு மீண்டும் எடுக்காமல் தோட்டத்துக்கே ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது.

காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் கிழங்குகள் ஒன்றோடொன்று உரசாதபடி அடுக்கி, சட்டியின் வாயைத் துணியால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகும், குளிர்சாதனப் பெட்டியில் கண் கெட்டுவிடும். மாதம் ஒருமுறை திறந்து அமுக்கிப் பாருங்கள். ஒன்று மென்மையாக இருந்தால் அதைச் சுற்றியிருந்த மணலோடு சேர்த்து அகற்றி, ஆடு மாடு தோண்டாத ஆழத்தில் புதையுங்கள்.

சட்டியின்மேல் பெயரையும் நஞ்சு என்ற சொல்லையும் தமிழிலும் மலாயிலும் பெரிதாக எழுதி, பூட்டிய இடத்தில் வையுங்கள். யாருக்காவது கிழங்கு கொடுப்பதானால் அதே சீட்டை அவர்கள் கையிலும் கொடுத்து, இரண்டாம் பகுதியில் உள்ள மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகே கொடுங்கள். மீதிக் கிழங்குள்ள சட்டி ஆடி மாதக் கடைசி வரை பூட்டிய கொட்டகையில் இருக்கட்டும், மாதச் சோதனைக்கு மட்டும் எடுத்தால் போதும்.